சங்குப்பூ நிறம் அலசினால் போய்விடுகிறது, ரோசெல் போகவில்லை. ஏன்?

தெலாங்_வேலி
சனி, இரவு 9.14

வணக்கம். நான் பினாங்கின் பாலிக் பூலாவில் ஆறாம் படிவம் படிக்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சாயச் சூரியக் கலம், அதாவது சாயம் ஒளியை வாங்கி மின்சாரம் தரும் கலம், செய்துகொண்டிருக்கிறேன். மின்கடத்தும் கண்ணாடியும் டைட்டானியம் டையாக்சைடு தூளும் வேதியியல் டீச்சர் வாங்கித் தந்தார். சாயம் மட்டும் நம் ஊர்ச் செடியிலிருந்துதான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பாட்டி வீட்டு வேலி முழுக்கச் சங்குப்பூ. பூலுட் தெக்கான் என்ற ஒட்டரிசிப் பலகாரத்துக்கு நீலம் ஏற்ற அக்கம்பக்கத்தார் வந்து பறித்துக்கொண்டு போகும் அதே பூ.

தூளை வினிகரில் குழைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டேன். கண்ணாடியின் ஓரங்களில் டேப் ஒட்டி, கண்ணாடிக் கம்பியால் ஒரே இழுப்பாக இழுத்துப் பூசினேன். பிறகு 450 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டோம். நடுவில் பூச்சு பழுப்பாகிவிட்டது, கெட்டுப்போய்விட்டதென்று பயந்தேன். அப்புறம் தானே வெளுத்துவிட்டது.

ஒரு கண்ணாடியைச் சங்குப்பூச் சாற்றிலும் இன்னொன்றை ரோசெல் என்ற புளிப்பான சிவப்புப் பூவின் சாற்றிலும் பத்து நிமிடம் ஊறவைத்தேன். எடுத்துத் தண்ணீரில் அலசி, பிறகு ஆல்கஹாலில் அலசினேன். சங்குப்பூ நீலம் அப்படியே சிங்க்கில் ஓடிவிட்டது, கண்ணாடியில் லேசான சாயல்தான் மிச்சம். ரோசெல் அசையவே இல்லை. அது மட்டுமில்லை, சாறு ரத்தச் சிவப்பு, ஆனால் பூச்சின்மேல் ஊதாவாக நிற்கிறது. இரண்டையும் கலமாகக் கட்டி வெயிலில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். சங்குப்பூ 0.09 வோல்ட், ரோசெல் 0.38.

இது முதல் கேள்வி. இரண்டாவது, டீச்சர் சி-60 பற்றியும் படிக்கச் சொன்னார், 60 கார்பன் அணுக்கள் பந்துபோலக் கோத்த ஃபுல்லரீன் வகை மூலக்கூறு. எங்கே தேடினாலும் "ஃபுல்லரீன் நல்ல எலக்ட்ரான் ஏற்பி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள எத்தனையோ மூலக்கூறுகள் இருக்கும்போது இதற்கு மட்டும் என்ன தனி மரியாதை?


மூன்றாம்_ஷிப்டு
சனி, இரவு 10.40

தங்கச்சி, முதலில் அடிப்படை. கண்ணாடியின் எந்தப் பக்கம் கடத்தும் பக்கம் என்று ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்த்துத்தான் பூசினாயா? நான் பாயான் லெப்பாஸில் கண்ணாடியோடுதான் பிழைக்கிறேன். இருபது வருட அனுபவக்காரர்களே பக்கம் மாற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனையையும் பரப்பில் வை. சில பத்து ஓம் காட்டினால் அதுதான் சரியான பக்கம்.


தெலாங்_வேலி
சனி, இரவு 10.52

அளந்தேன் அண்ணா. இரண்டிலும் 25 ஓம் போல வந்தது. எதிர்க் கண்ணாடியில் மெழுகுவர்த்திப் புகைக்கரி. நடுவில் அயோடின் கரைசல் இரண்டு சொட்டு. பைண்டர் கிளிப் போட்டு இறுக்கினேன்.


பழைய_ஆய்வகம்
ஞாயிறு, காலை 7.05

நல்ல கேள்வி, நல்ல கவனிப்பு. சாறு சிவப்பு, பூச்சில் ஊதா என்று எழுதியிருக்கிறாயே, அதைக் குறிப்பேட்டில் பெரிதாக எழுதிவை. சாயம் டைட்டானியத்தோடு உண்மையிலேயே பிணைந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றமே சாட்சி. சங்குப்பூ நீலமாகப் போய் நீலமாகவே திரும்பியது என்றால் அது வெறும் ஈரம், பிணைப்பு இல்லை.

ஏன் பிணையவில்லை என்பதற்கு என் ஊகம் அமிலம். சங்குப்பூச் சாறு கிட்டத்தட்ட நடுநிலையாக இருக்கும், ரோசெல் நல்ல புளிப்பு. எலுமிச்சை பிழிந்து ஊதாவாக மாற்றிவிட்டு மறுபடி ஊறவைத்துப் பார். சி-60க்குச் சாயங்காலம் வருகிறேன், அது நீளமான கதை.


தெலாங்_வேலி
ஞாயிறு, பிற்பகல் 1.30

ஐயா, எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். சாறு ஊதாவாகிவிட்டது. அரை மணி நேரம் ஊறவைத்தேன். அலசினால் ஊதாவும் ஓடிவிட்டது.


செடிகொடி
ஞாயிறு, பிற்பகல் 2.18

பழைய_ஆய்வகம் ஐயா மன்னிக்க வேண்டும், இது அமிலத்தின் குற்றமில்லை. பூவின் குற்றம். நான் தாவர நிறமிகளோடு மல்லுக்கட்டியவள், அதனால் சொல்கிறேன்.

ரோசெல்லிலும் சங்குப்பூவிலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம்தான். அந்த மூலக்கூறின் ஒரு கோடியில் ஒரு வளையம் இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, காலியாக இருந்தால், நண்டு இரண்டு கொடுக்காலும் கவ்வுவதுபோல டைட்டானியம் அணுவைப் பிடித்துக்கொள்ளும். ரோசெல்லில் உள்ள டெல்ஃபினிடின், சயனிடின் இரண்டுக்கும் சர்க்கரை வேறொரு வளையத்தில்தான் தொங்குகிறது. கொடுக்கு இரண்டும் திறந்தே இருக்கின்றன.

சங்குப்பூவின் நிறமிக்கு டெர்னாடின் என்று பெயர். அதற்கும் அடித்தளம் டெல்ஃபினிடின்தான். அந்த வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஹைட்ராக்சில் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு ஓரங்களிலும் சர்க்கரையும் கூமாரிக் அமிலமும் மாறி மாறிக் கோத்த நீளமான வால்கள் தொங்குகின்றன. நடுவில் ஒன்றுதான் காலி. ஒற்றைக் கொடுக்கால் நண்டு எதைப் பிடிக்கும்?

அந்த வால்கள் வேண்டாத சதை என்று நினைத்துவிடாதே. அவை மடிந்து வந்து நிற வளையத்தின்மேல் போர்வைபோலப் படுத்துக்கொள்கின்றன. தண்ணீர் வந்து நிறத்தைக் கலைக்காமல் காப்பது அந்தப் போர்வைதான். பல ஆந்தோசயனின்கள் நடுநிலைத் தண்ணீரில் சீக்கிரம் வெளுத்துவிடும், உன் பாட்டி வீட்டுப் பூ பூலுட் அரிசியில் மறுநாளும் நீலமாக நிற்கும். பலகாரத்துக்கு எது பலமோ அதுவே உன் கலத்துக்கு வினையாகிவிட்டது.


பழைய_ஆய்வகம்
ஞாயிறு, பிற்பகல் 2.41

ஒத்துக்கொள்கிறேன். பூவின் அமைப்பைப் பார்க்காமல் வாய்விட்டது என் தப்பு. செடிகொடி அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்.


மூன்றாம்_ஷிப்டு
ஞாயிறு, மாலை 4.00

எனக்கு இன்னொரு சந்தேகம். சாயமே ஒட்டவில்லை என்றால் அந்த 0.09 வோல்ட் எங்கிருந்து வந்தது?


பழைய_ஆய்வகம்
ஞாயிறு, மாலை 4.12

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கோப்பி வாங்கித் தர வேண்டும். டைட்டானியம் டையாக்சைடு வெள்ளைத் தூள் சாயமில்லாமலே ஒளியை உண்ணும், புற ஊதாவை மட்டும். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை மேலே எழுப்பத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான்வோல்ட். அலைநீளம் சுமார் 390 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளிதான் அதற்குப் போதும். பினாங்கு வெயிலில் அது தாராளமாகக் கிடைக்கும். ஆகவே 0.09இல் பூவுக்குப் பங்கே இல்லாமலும் இருக்கலாம்.

சோதிக்க வழி சுலபம். வீட்டு எல்இடி விளக்கில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. இரண்டு கலங்களையும் அதன் கீழே வைத்து அளந்து பார்.


தெலாங்_வேலி
ஞாயிறு, இரவு 8.20

படிக்கும் மேசை விளக்கில் அளந்தேன். ரோசெல் 0.22. சங்குப்பூ 0.01, அதுவும் நிற்காமல் ஆடுகிறது. பாட்டி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என் பூவைத் திட்டாதே, தப்பான வேலைக்குக் கூப்பிட்டது நீ" என்கிறார்.


பழைய_ஆய்வகம்
ஞாயிறு, இரவு 9.35

பாட்டி சொன்னதுதான் சரியான முடிவுரை. இனி சி-60. தேநீர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"நல்ல ஏற்பி" என்றால் எலக்ட்ரான் பசி அதிகம் என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். சி-60க்குப் பசி உண்டு. ஒரே ஆற்றல் உயரத்தில் மூன்று காலி இடங்கள், இடத்துக்கு இரண்டாக ஆறு எலக்ட்ரான் வரை ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பசிதான் கணக்கு என்றால் டிசிஎன்கியூ போன்ற மூலக்கூறுகள் சி-60ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. வாங்கிய எலக்ட்ரானை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காது.

ஒளி பட்டதும் சாயத்தில் ஒரு எலக்ட்ரான் மேலே எழும்புகிறது. பக்கத்தில் ஏற்பி இருந்தால் அதற்குத் தாவும். இதுவரை கஷ்டமே இல்லை. கஷ்டம் அடுத்த கணத்தில். சாயத்தில் இப்போது ஒரு குழி, பக்கத்திலேயே எலக்ட்ரான். இரண்டும் எதிர் மின்னூட்டம். எலக்ட்ரான் குழிக்குள் திரும்ப விழுந்தால் வாங்கிய ஒளி முழுவதும் சூடாக வீணாகிவிடும். சாதாரண ஏற்பிகளில் அப்படித்தான் நடக்கும், நாம் கம்பி போட்டு எடுப்பதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடும்.

1992இல் சரிசிஃப்ட்சி, ஹீகர், வுடல் ஆகியோரின் குழு ஒரு கடத்தும் பாலிமரையும் சி-60ஐயும் கலந்து ஒளி பாய்ச்சினார்கள். பாலிமரிலிருந்து எலக்ட்ரான் சி-60க்குத் தாவியது. எவ்வளவு வேகம் என்று பின்னால் அளந்தபோது சுமார் 45 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). திரும்பி வர மைக்ரோ நொடிக் கணக்கில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில், ஆகிறது. ஒரு மைக்ரோ நொடி என்றே வைத்துக்கொள்வோம். போவதற்கு ஒரு நொடி ஆகிறது என்றால் திரும்புவதற்கு எட்டு மாதத்துக்கு மேல். அந்த எட்டு மாதத்துக்குள் எலக்ட்ரானைக் கம்பிக்குக் கொண்டுபோய்விடலாம்.

நம் பினாங்குப் பாலத்தோடு ஒப்பிட்டுப் பார். தீவுக்கு வரும்போது டோல், திரும்பிப் போகும்போது இலவசம். எலக்ட்ரானுக்கு நேர்மாறாக வேண்டும். போக இலவசம், திரும்ப டோல். (சி-60 ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் கையில் சிக்கியது 1985 செப்டம்பரில். பினாங்குப் பாலத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அதே மாதம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)


மூன்றாம்_ஷிப்டு
ஞாயிறு, இரவு 9.50

மோட்டார் சைக்கிளுக்கு 2019இலிருந்து டோல் இல்லை ஐயா. எலக்ட்ரான் மோட்டார் சைக்கிளில் வந்தால் என்ன செய்வீர்கள்?


தெலாங்_வேலி
ஞாயிறு, இரவு 9.58

டோல் புரிகிறது. ஆனால் டோல் கேட்பது யார்? திரும்பும் வழியில் ஆற்றல் சரிவு அதிகம்தானே, அப்படியானால் இன்னும் வேகமாக அல்லவா உருண்டு வர வேண்டும்?


பழைய_ஆய்வகம்
ஞாயிறு, இரவு 10.45

இதற்கான பதில் ஐம்பதுகளில் தொடங்கிய ஒரு கோட்பாட்டில் இருக்கிறது. சொன்னவர் ருடால்ஃப் மார்க்கஸ் என்ற வேதியியலாளர். பலர் நம்பவில்லை.

பட்டர்வொர்த் ஃபெர்ரி ஜெட்டியை நினைத்துக்கொள், மோட்டார் சைக்கிளும் ஏற்றலாம், ஜீவன் போகாது. படகின் தளமும் ஜெட்டியின் பலகையும் ஒரே மட்டத்துக்கு வரும் கணத்தில்தான் வண்டி உருளும். மட்டத்தைக் கொண்டுவருவது அலை. எலக்ட்ரானும் அப்படித்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆற்றல் ஒரே மட்டத்தில் நிற்கும் கணத்தில்தான் தாவும். இங்கே அலை என்பது சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகளின் ஆட்டமும், எலக்ட்ரானை வாங்கும் மூலக்கூறு தன் உடம்பை நெளித்துக்கொள்வதும். இதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்கு மறுசீரமைப்பு ஆற்றல் என்று பெயர்.

மட்ட வித்தியாசம் அந்த அலையின் அளவுக்குச் சரியாக இருந்தால் தாவல் மிக வேகம். வித்தியாசம் குறைந்தாலும் வேகம் குறையும். வித்தியாசம் அதிகமானாலும் குறையும் என்பதுதான் மார்க்கஸ் சொன்ன விபரீதம். சரிவு கூடக்கூட ஓர் எல்லைக்கு மேல் வேகம் குறைய வேண்டும். இதைத் தலைகீழ்ப் பகுதி என்பார்கள்.

பல வருடம் தேடியும் அந்தப் பகுதி தெளிவாகக் கண்ணில் படவில்லை. கரைசலில் இரண்டு மூலக்கூறுகள் நீந்தி வந்து சந்திக்கவே நேரம் பிடிக்கும். தாவல் எவ்வளவு வேகமானாலும் நாம் அளப்பது நீந்தும் வேகத்தைத்தான். 1984இல் மில்லரும் க்ளோஸும் இரண்டு மூலக்கூறுகளையும் விறைப்பான ஸ்டீராய்டு எலும்புக்கூட்டின் இரண்டு கோடியிலும் கட்டிவைத்தார்கள். நீந்த வேண்டிய அவசியமே இல்லை. தலைகீழ்ப் பகுதி தெளிவாகத் தெரிந்தது. 1992இல் மார்க்கஸுக்கு நோபல்.

இனி சி-60. அது விறைப்பான பந்து, எலக்ட்ரான் வந்தாலும் வடிவம் பெரிதாக மாறாது. வந்த மின்னூட்டம் 60 அணுக்கள்மேலும் பரவிவிடும், ஆகவே சுற்றியுள்ள கரைப்பானுக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. அலை சின்னது. போகும் வழியில் சரிவும் சின்னது, அலைக்குச் சரியாகப் பொருந்துகிறது, எலக்ட்ரான் சட்டென்று தாவிவிடுகிறது. திரும்பும் வழியில் சரிவு ஒரு எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல். சின்ன அலை எவ்வளவு ஆடினாலும் அந்த மட்டத்துக்கு எட்டாது. அதனால் காத்திருக்கிறது. உன் கேள்விக்குப் பதில் இதுதான்: டோல் கேட்பது அலையின் சிறுமை.


மூன்றாம்_ஷிப்டு
ஞாயிறு, இரவு 11.10

நம் ஆள் என்றால் மட்டத்துக்குக் காத்திருக்காமல் மேலிருந்தே குதித்துவிடுவான்.


பழைய_ஆய்வகம்
ஞாயிறு, இரவு 11.16

குதித்தால் விழுந்த வேகத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். எலக்ட்ரானுக்கு அந்தக் கணத்திலேயே ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். மூலக்கூறின் அதிர்வுகள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அதனால் குதிப்பது முழுக்க நின்றுவிடாது. திரும்பும் நேரம் முடிவிலியாக இல்லாமல் மைக்ரோ நொடியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.


செடிகொடி
திங்கள், காலை 6.30

ஐயா, இலைக்குள் நடப்பதும் இதுதானே? ஒரே தாவலில் நிறுத்தாமல் படிப்படியாக அனுப்பிவிடுவது.


பழைய_ஆய்வகம்
திங்கள், காலை 7.20

அதேதான். ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவின் வினை மையத்தில், அதாவது ஒளியால் எலக்ட்ரானைப் பிரிக்கும் புரதத்தில், முதல் தாவல் சுமார் 3 பிக்கோ நொடி (ஒரு பிக்கோ நொடி ஆயிரம் ஃபெம்டோ நொடி), அடுத்தது சுமார் 200 பிக்கோ நொடி. ஒவ்வொரு தாவலிலும் குழியிலிருந்து தூரம் கூடுகிறது. அந்த மையத்தின் படிக அமைப்பைக் கண்டறிந்த டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷேல் மூவருக்கும் 1988இல் நோபல்.

வேதியியல்காரர்கள் அதையே காப்பியடித்தார்கள். சாயத்துக்குப் போர்ஃபிரின், அதாவது பச்சையத்துக்கும் ரத்தத்தில் உள்ள ஹீமுக்கும் உறவுக்கார வளையம். அதற்குக் காரணம் உண்டு. சி-60 கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவ்வளவாக உண்ணாது, வாங்கித் தரப் பக்கத்தில் ஒரு சாயம் வேண்டும். 2001இல் ஜப்பானில் ஃபெரோசின் (ஓர் இரும்புச் சேர்மம்), துத்தநாகப் போர்ஃபிரின், போர்ஃபிரின், சி-60 என்று நான்கை வரிசையாகக் கோத்தார்கள். மைனஸ் 80 டிகிரியில் உறைந்த கரைப்பானில், பிரிந்த மின்னூட்டம் 0.38 நொடி நின்றது. பிக்கோ நொடியில் பேசுகிறவர்களுக்கு 0.38 நொடி ஒரு யுகம்.

நானும் ஒரு காலத்தில் இந்தப் போர்ஃபிரின், ஃபுல்லரீன் ஜோடிகளோடு குடும்பம் நடத்தினேன். சி-60 கறுப்புத் தூள், விளக்குக்கரி என்று நினைத்துத் துடைத்துவிடலாம். டொலுவீனில் போட்டு ஆட்டினால் கத்தரிப்பூ நிறம் வரும். முதல்முறை பார்த்தபோது குடுவையை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கரைசலில் ஒரு துடிப்பு லேசர் அடித்து, பின்னாலேயே இன்னொரு துடிப்பை அனுப்புவோம். இரண்டாவது துடிப்பை ஒரு பிக்கோ நொடி தாமதிக்க வேண்டுமானால் அதன் பாதையை 0.3 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். ஒளி போய்த் திரும்புவதால் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். நேரத்தை அளவுகோலால் அளப்பது என்றால் இதுதான். எலக்ட்ரான் சி-60க்குப் போய்விட்டது என்பதற்கு அடையாளம், 1000 நானோமீட்டர் பக்கம் புதிதாக ஓர் உறிஞ்சல். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, கருவி மட்டும் பார்க்கும்.

ஒருமுறை ஆர்கான் வாயு ஊதிக் கரைசலிலிருந்து ஆக்சிஜனை விரட்ட மறந்துவிட்டேன். இரண்டு வாரம் எடுத்த அளவீடுகளைக் குப்பையில் போட்டேன். இன்றும் வலிக்கிறது.


நலமே_வளம்
திங்கள், காலை 11.02

அனைவருக்கும் வணக்கம். சி-60 பற்றிப் பேசுவது மகிழ்ச்சி. சி-60 கலந்த ஆலிவ் எண்ணெய் தினமும் ஒரு கரண்டி குடித்தால் வயதே ஆகாது, நோபல் பரிசு பெற்ற மூலக்கூறு. முகத்திலும் பூசலாம். வேண்டுவோர் தொடர்புக்கு [எண் நீக்கப்பட்டது]


மட்டுறுத்துநர்
திங்கள், காலை 11.20

விற்பனை எண்ணை நீக்கிவிட்டேன். பதிவை விட்டுவைக்கிறேன், பதில் சொல்ல ஆளிருக்கிறது என்று தெரியும்.


பழைய_ஆய்வகம்
திங்கள், காலை 11.47

ஆள் இருக்கிறது. நண்பரே, நான் ஆர்கான் ஊத மறந்து நாசமானது ஏன் என்று யோசியுங்கள். ஒளி பட்ட சி-60 பக்கத்தில் சாயமோ எலக்ட்ரான் தரும் வேறு ஈனியோ இல்லாமல் தனியாக இருந்தால், கிட்டத்தட்ட ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் மும்மை நிலை என்ற நீண்ட ஆயுள் நிலைக்குப் போகும். அங்கே ஆக்சிஜனைப் பார்த்தால் அதற்கு ஆற்றலைக் கொடுத்து வெறிபிடித்த ஆக்சிஜனாக்கிவிடும். அது கொழுப்பையும் புரதத்தையும் கடிக்கும். அதை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் நடக்கச் சொல்கிறீர்கள்.

எலிகள் நெடுநாள் வாழ்ந்தன என்று 2012இல் ஒரு கட்டுரை வந்தது உண்மை. 2021இல் வேறொரு குழு சுண்டெலிகளில் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. வெளிச்சம் பட்ட எண்ணெய் கொடுத்தவற்றுக்கு நஞ்சானது. நோபல் மூலக்கூறைக் கண்டுபிடித்ததற்கு, குடித்ததற்கு இல்லை.


கூரை_மனிதன்
திங்கள், பிற்பகல் 1.15

நான் கோலாலம்பூரில் வீட்டுக் கூரைகளில் பேனல் மாட்டுகிறவன். எல்லாம் படிக்க அருமை. ஆனால் வாடிக்கையாளர் சிலிக்கன் பேனல் கேட்கிறார், 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறது, 25 வருட உத்தரவாதம். பூச்சாறும் கரிப்பந்தும் எந்தக் கூரையில் நிற்கும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை இல்லாத நாளே குறைவு.


மூன்றாம்_ஷிப்டு
திங்கள், மாலை 3.30

கூரைக்காரரே, தங்கச்சி கூரையில் மாட்டப்போவதில்லை, கண்காட்சி மேசையில் வைக்கப்போகிறார். ஆனால் கேள்வி நியாயமானது. அயோடின் கரைசல் கசியும், சூட்டில் வற்றும், அதை நான் மறைக்கவில்லை. ஓரீகன், கிரெட்செல் இருவரும் 1991இல் இந்தச் சாயக் கலத்தை 7 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ருதீனியம் சாயம், பூச்சாறு இல்லை. பத்து மைக்ரோமீட்டர் தடிமன் பூச்சுதான், ஆனால் நுண்துகள்களால் உள்பரப்பு கண்ணுக்குத் தெரியும் பரப்பைப்போல ஆயிரம் மடங்கு வரை.

ஃபுல்லரீன் கலந்த பிளாஸ்டிக் கலங்கள் 11 சதவீதத்துப் பக்கம் நின்றுவிட்டன. 2015க்குப் பிறகு ஃபுல்லரீன் இல்லாத ஏற்பிகள் வந்து அவற்றை ஓரங்கட்டின, இப்போது 19ஐயும் தாண்டிவிட்டார்கள். ஆனால் பந்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சிலிக்கன்மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை அடுக்கும் இரட்டைக் கலங்களில், எலக்ட்ரானை வாங்கிக் கடத்தும் மெல்லிய அடுக்காகச் சி-60ஐ ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் கூரையில் மாட்டும் பேனலுக்குள்ளேயே அது இருக்கலாம்.


கூரை_மனிதன்
திங்கள், மாலை 3.52

வந்தால் மாட்டுகிறேன், உத்தரவாத அட்டையோடு வரட்டும்.


தெலாங்_வேலி
திங்கள், இரவு 8.05

ஒரு சந்தேகம் மட்டும். என் ரோசெல் கலத்தில் சி-60 இல்லை. அங்கே எலக்ட்ரான் திரும்பாமல் தடுப்பது யார்?


பழைய_ஆய்வகம்
திங்கள், இரவு 8.33

அயோடைடு. சாயம் எலக்ட்ரானை டைட்டானியம் டையாக்சைடுக்குள் மிக வேகமாகத் தள்ளிவிடுகிறது. திரும்பி வர மைக்ரோ நொடியிலிருந்து மில்லிநொடி வரை ஆகும். அதற்குள் உன் அயோடின் கரைசலில் உள்ள அயோடைடு ஓடிவந்து சாயத்தின் குழியை அடைத்துவிடும். திரும்பி வரும் எலக்ட்ரானுக்கு இருக்க இடமில்லை, வெளிக்கம்பி வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். சி-60 கதையில் அலையின் சிறுமை செய்யும் வேலையை உன் கலத்தில் அயோடைடு செய்கிறது.

கரைசல் வற்றினால் மின்சாரம் உடனே விழுவதைப் பார்ப்பாய். கண்காட்சி அன்று துளிக்குழாயைக் கையிலேயே வைத்திரு.


தெலாங்_வேலி
வியாழன், இரவு 9.40

மங்குஸ்தீன் தோலையும் ஊறவைத்துப் பார்த்தேன். சயனிடின் இருக்கிறது என்று செடிகொடி அக்கா தனிச்செய்தியில் சொன்னார். ஒட்டியது, ஆனால் பழுப்பாக, 0.31 வோல்ட். கை இன்னும் கறையாக இருக்கிறது. ரோசெல் கலம் நான்கைத் தொடராகக் கட்டி, பழைய கால்குலேட்டரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு இணைத்தேன். வெயிலில் எண் தெரிந்தது! கையால் மறைத்தால் மங்கி அணைகிறது. பாட்டி பத்து தடவை மறைத்து மறைத்துப் பார்த்தார்.

சங்குப்பூக் கலத்தையும் மேசையில் வைக்கிறேன், ஒட்டாததைக் காட்ட. ஒரு பிரச்சினை, அடுப்பிலிருந்து அவசரமாக எடுத்ததில் ஐந்தாவது கண்ணாடியில் விரிசல் விட்டுவிட்டது.


மூன்றாம்_ஷிப்டு
வியாழன், இரவு 11.58

இப்போதுதான் இடைவேளை. நான் சொந்தக் காசில் வாங்கி வைத்த கண்ணாடி இரண்டு துண்டு வீட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை பாலிக் பூலாவ் பசாருக்கு லக்சா சாப்பிட வருவேன், பாட்டியோடு வா, தருகிறேன். சுட்ட கண்ணாடியை அடுப்புக்குள்ளேயே ஆறவிடு. மூடியைத் திறக்காதே, ஆசையாக இருந்தாலும்.